பன்மடியத் தாவரம் தன் மூல இனத்தைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் பல ஆண்டுகள் கல்லூரி மாணவர்களுக்குத் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். குரோமோசோம் தொகுதிகள் பெருகிய செடிகள் சூழல் மாறும்போது என்ன ஆகின்றன என்ற பாடத்தை நடத்தியபோதெல்லாம் ஏறத்தாழ அதே ஐயங்கள்தாம் எழுந்தன. ஓய்வு பெற்ற பிறகும் அவை ஓயவில்லை. கண்மாய்க்கரையில் சீமைக்கருவேலத்தைக் காட்டி விவசாயிகளும், கல்யாண வீட்டில் கைகழுவப் போகும் வழியில் மறித்து உறவினர்களும் கேட்கிறார்கள். கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை எழுதி, எனக்கு உறுதியாகத் தெரிந்த அளவில் விடை சேர்த்திருக்கிறேன்.

பன்மடியம், பன்மடியம் என்கிறீர்களே, அது என்ன ஐயா?

செல்லுக்குள் குரோமோசோம்கள் தொகுதிகளாக இருக்கின்றன. தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டு தொகுதிகள் இருந்தால் அது இருமடியம். நெல்லில் ஒரு தொகுதிக்கு 12 குரோமோசோம்கள். இரண்டு தொகுதிகளும் சேர்ந்து 24. இரண்டுக்கு மேல் மூன்று, நான்கு, ஆறு, எட்டு என்று தொகுதிகள் கூடியிருந்தால் அந்தச் செடி பன்மடியத் தாவரம். மடி என்பது இங்கே மடங்கு என்ற பொருளில் வருகிறது.

பாலூட்டிகளில் இப்படித் தொகுதி கூடினால் கரு பெரும்பாலும் நிலைக்காது. தாவரங்களோ இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கின்றன. பூக்கும் தாவரங்களில் எதை எடுத்தாலும் அதன் தொல் முன்னோரில் ஒரு முறையேனும் இந்த இரட்டிப்பு நடந்திருக்கிறது. இன்று நாம் இருமடியம் என்று எண்ணும் நெல்லும் அதற்கு விலக்கன்று. உச்சத்தைக் கேட்பவர்களுக்குச் சொல்வதானால், தென்னிந்தியாவிலும் காணப்படும் ஓஃபியோகுளோசம் என்ற சிறிய பெரணி வகையின் ஒரு செல்லில் 1,400-க்கும் மேற்பட்ட குரோமோசோம்கள் எண்ணப்பட்டுள்ளன.

இதை யாராவது ஆய்வுக்கூடத்தில் செய்கிறார்களா, தானாகவே நடக்கிறதா?

இரண்டும் உண்டு, ஆனால் இயற்கையில் நடந்ததே மிகுதி. மகரந்தமும் சூல்முட்டையும் உருவாகும்போது குன்றல் பகுப்பு நிகழ்ந்து குரோமோசோம் எண்ணிக்கை பாதியாக வேண்டும். சில வேளைகளில் அது பிழைபட்டு, முழு எண்ணிக்கையும் குறையாமலேயே மகரந்தத்துக்குள் போய்விடுகிறது. கடுங்குளிரும் கடும் வெப்பமும் இந்தப் பிழையைக் கூட்டுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். அதாவது சூழல் கெடும் காலத்தில்தான் பன்மடியச் செடிகள் பிறக்கும் வாய்ப்பும் கூடுகிறது.

ஒரே இனத்தின் தொகுதி பெருகினால் தன்பன்மடியம். இரண்டு இனங்கள் கலந்து பெருகினால் அயல்பன்மடியம். பின்னதற்கு இங்கிலாந்தின் தென்கரையில் நடந்த ஒரு நிகழ்ச்சியை வகுப்பில் எப்போதும் சொல்வேன். அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த ஸ்பார்ட்டினா என்ற சேற்றுப் புல், உள்ளூர் ஸ்பார்ட்டினாவோடு கலந்து 19-ஆம் நூற்றாண்டில் ஒரு கலப்பினம் பிறந்தது. இரு பக்கத்துக் குரோமோசோம்களும் இணை சேர முடியாததால் அது கோவேறு கழுதையைப் போல மலடாக இருந்தது. பின்னர் அதன் தொகுதிகள் இரட்டிக்க, ஒவ்வொரு குரோமோசோமுக்கும் தன் வடிவத்திலேயே ஓர் இணை கிடைத்தது, விதை பிடித்தது. அந்தப் புதுப் புல், மூல இனங்கள் நிலைக்க முடியாத தாழ்வான அலைச்சேற்றிலும் இறங்கி வேரூன்றிப் பரவியது.

எங்கள் அடுப்படியில் இருப்பதில் எது எது பன்மடியம்?

உங்கள் அடுப்படியில் பாதிக்கு மேல் இருக்கக்கூடும். சப்பாத்திக் கோதுமை 42 குரோமோசோம்கள் கொண்ட அறுமடியம். சம்பா கோதுமை 28 கொண்ட நான்மடியம். கேழ்வரகு, சாமை, வரகு, நிலக்கடலை, உருளைக்கிழங்கு ஆகியவை நான்மடியம், குதிரைவாலி அறுமடியம். மஞ்சள் 63 குரோமோசோம்கள் கொண்ட மும்மடியம், அதனால்தான் விதையை நம்பாமல் கிழங்கை நட்டு வளர்க்கிறோம். நாம் உண்ணும் வாழைகளில் பெரும்பாலானவை மும்மடியம். அரபிகா காபி நான்மடியம். கரும்பில் குரோமோசோம்களே நூற்றுக்கும் மேல்.

நெல், கம்பு, சோளம், தினை, மிளகாய், புளி ஆகியவை இருமடியம். இந்தப் பட்டியலை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பும் கேழ்வரகும் பின்னால் மீண்டும் வரும்.

கவுனி அரிசி இவ்வளவு அடர்த்தியாக, கறுப்பாக இருக்கிறதே, அதுவும் பன்மடியம்தானே?

அன்று. கவுனி அரிசியும் 24 குரோமோசோம்கள் கொண்ட சாதாரண நெல்தான். அதன் கறுப்பு நிறம் தவிட்டிலுள்ள ஆந்தோசயனின் நிறமியால் வருவது. தொகுதிப் பெருக்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மடங்கு கூடினால் செடி பெரிதாகவும் பலமாகவும் ஆகிவிடும் என்று படித்தேன். சரியா?

பெரிதாகும் என்பது பெரும்பாலும் சரி. பலமாகும் என்பதை அப்படியே ஏற்க முடியாது. டி.என்.ஏ. அளவு கூடும்போது செல்லின் பருமன் கூடுகிறது; அதனால் இலை தடிக்கிறது, பூவும் மகரந்தத் துகளும் பெரிதாகின்றன, இலைத்துளைகள் பெரிதாகி எண்ணிக்கையில் குறைகின்றன. பூந்தோட்டக்காரர்களுக்கு இது பிடிக்கும்.

ஆனால் இதற்கு ஒரு செலவும் உண்டு. கூடுதல் டி.என்.ஏ.வை உருவாக்க நைட்ரஜனும் பாஸ்பரசும் கூடுதலாக வேண்டும். செல் பகுப்புக்கு நேரமும் கூடுதலாகிறது. அதனால் புதிதாக இரட்டித்த பல செடிகள் மூல இனத்தைவிட மெதுவாக வளர்ந்து தாமதமாகப் பூக்கின்றன, குறைவாக விதை பிடிக்கின்றன. சத்துக் குறைந்த நம் செம்பொறை மண்ணில் வைத்து இதை எண்ணிப் பாருங்கள். வளமான தொட்டியில் வளர்ந்து வியப்பூட்டும் செடி வெளியில் வந்தால் திணறக்கூடும்.

வறட்சியையும் உப்பையும் தாங்கும் என்பதற்கு உண்மையான சான்று ஏதும் இருக்கிறதா?

இருக்கிறது. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் 2013-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்றில், நான்மடியச் செடிகள் இருமடியச் செடிகளைவிட இலையில் கூடுதலாகப் பொட்டாசியத்தைச் சேர்த்துக்கொள்வதும், அதனால் உப்பை நன்றாகத் தாங்குவதும் தெரியவந்தன. இருமடியத் தண்டை நான்மடிய வேரின் மேல் ஒட்டுக் கட்டிப் பார்த்தபோது அந்தப் பயனை அளித்தது வேர்தான் என்பதும் விளங்கியது. கட்டாந்தரையில் வளரும் சாமேரியான் என்ற வட நாட்டுச் செடியில், நான்மடிய வகையின் நீர்க்குழாய்கள் அகன்று நீரை எளிதாகக் கடத்துகின்றன. நீர் ஊற்றுவதை நிறுத்தினால் அது வாடுவதற்கு மூல வகையைவிடக் கூடுதல் நாள் பிடிக்கிறது.

கோதுமையில் கதை வேறு. சப்பாத்திக் கோதுமை, நான்மடியக் கோதுமையும் ஈஜிலாப்ஸ் என்ற காட்டுப்புல்லும் காஸ்பியன் கடலின் தென்கரைப் பகுதியில் கலந்து, ஏறத்தாழ 8,000 முதல் 10,000 ஆண்டுகளுக்கு முன் பிறந்தது. இலைக்குள் சோடியம் ஏறாமல் தடுத்துப் பொட்டாசியத்தை ஏற்றும் திறன் அந்தக் காட்டுப்புல்லின் குரோமோசோமில் இருந்தது. சப்பாத்திக் கோதுமை அதைச் சொத்தாகப் பெற்றுக்கொண்டது. ஆகவே அது நான்மடியக் கோதுமையைவிட உப்பையும் குளிரையும் நன்றாகத் தாங்குகிறது. அராபிடாப்சிஸில் இரட்டிப்பே பயன் தந்தது. கோதுமையில் உடன்வந்த உறவினர் தந்தார். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இரட்டிப்பினாலேயே வந்த திறனா, பிறகு பல தலைமுறையில் வந்த திறனா என்று எப்படிப் பிரித்துச் சொல்வது?

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. காட்டில் ஒரு நான்மடிய இனத்தையும் அதிலிருந்து வந்த அறுமடிய இனத்தையும் பார்த்து, அறுமடியம் வறண்ட மணலில் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதாது. அது பிறந்தபோதே அப்படி இருந்ததா, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மணலில் வாழ்ந்து பழகியதா என்பது தெரியாது.

இதைப் பிரிக்க ஒருவர் செய்த சோதனை மிக எளிமையானது, மிகப் பொறுமையானதும்கூட. கலிபோர்னியக் கடற்கரையில் அக்கிலியா என்ற செடியில் நான்மடியமும் அறுமடியமும் இயற்கையாகவே உண்டு. ஈரமான இடத்தில் முன்னது, மணல்மேட்டில் பின்னது. ஆய்வாளர் ஜஸ்டின் ராம்சே, நான்மடியப் பெற்றோரிடமிருந்து அப்போதுதான் பிறந்த முதல் தலைமுறை அறுமடியச் செடிகளைத் தேடிப் பிடித்தார். மூன்று வகையையும் மணல்மேட்டில் நட்டார். 2011-இல் வெளியான முடிவு இது: இயற்கை அறுமடியம் நான்மடியத்தைவிட ஐந்து மடங்கு பிழைத்தது; புதிதாகப் பிறந்த அறுமடியம் அதே நான்மடியத்தைவிட 70 விழுக்காடு கூடுதலாகப் பிழைத்தது.

அப்படியானால் இரட்டிப்பு அந்தச் செடிக்கு மணலில் கால் வைக்க இடம் கொடுத்தது. மீதித் திறன் அங்கேயே வாழ்ந்த தலைமுறைகள் ஈட்டியது. பன்மடியச் செடி தாங்குகிறது என்று யார் சொன்னாலும், புதிதாகப் பிறந்ததோடு ஒப்பிட்டார்களா என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் இல்லை என்பதே விடையாக இருக்கும்.

சீமைக்கருவேலம் எங்கள் கண்மாயையே விழுங்கிவிட்டது. அது பன்மடியம் என்பதால்தானா?

இங்கே எந்தப் பேச்சும் கடைசியில் சீமைக்கருவேலத்தில்தான் முடியும். அது 56 குரோமோசோம்கள் கொண்ட நான்மடியம் என்பது உண்மை. அதன் நெருங்கிய உறவினங்களில் பெரும்பாலானவை 28 கொண்ட இருமடியங்கள். 2011-இல் வெளியான ஓர் உலகளாவிய ஒப்பீடும், அயல்நாட்டில் போய்ப் பரவி ஆக்கிரமிக்கும் இனங்களில் பன்மடியம் கூடுதல், அழிவின் விளிம்பில் நிற்கும் இனங்களில் இருமடியம் கூடுதல் என்றே சொல்கிறது. எனவே கேட்டவரின் ஊகம் அடிப்படை இல்லாதது அன்று.

ஆனால் அதே கண்மாய்க்குள் நிற்கும் நம் நாட்டுக் கருவேலமரத்தைப் பாருங்கள். அதன் அடிப்படை எண் 13. செல்லில் இருப்பது 52. அதுவும் நான்மடியம்தான். இரண்டும் நான்மடியமாக இருக்கும்போது ஒன்று மட்டும் ஊரை வளைத்துக்கொண்டது என்றால் காரணத்தை வேறிடத்திலும் தேட வேண்டும். சீமைக்கருவேலத்தின் நெற்று இனிப்பானது. ஆடும் மாடும் தின்று விதையைச் சாணத்தோடு ஊரெங்கும் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. வெட்டினால் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கிறது. வேர் மிக ஆழத்துக்கு இறங்குகிறது. அதன் இலையை ஆடுகூட விரும்பிக் கடிப்பதில்லை. போதாததற்கு விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் ஆகும் என்று நாமே வளர விட்டோம். மடங்கு அதற்குக் கைகொடுத்திருக்கலாம். வாசலைத் திறந்துவிட்டவர்கள் நாம்.

மானாவாரியில் கேழ்வரகைவிடக் கம்புதான் காய்ச்சலைத் தாங்குகிறது. உங்கள் கணக்குப்படி நேர்மாறாக இருக்க வேண்டுமே?

இதைக் கேட்டவர் திருப்பத்தூர்ச் சாலையோரம் நிலம் வைத்திருக்கும் ஒரு பெரியவர். அன்று அவர் என்னை மடக்கிவிட்டதாகவே மகிழ்ந்தார். அவர் மகிழ்ந்ததில் தவறும் இல்லை. 14 குரோமோசோம்களே கொண்ட கம்பு, வெப்பத்திலும் வறட்சியிலும் சிறுதானியங்களிலேயே முன்னணியில் நிற்கிறது. 36 கொண்ட கேழ்வரகுக்கு அதைவிடச் சற்று ஈரம் வேண்டும்.

தவறு ஒப்பீட்டில் இருக்கிறது. கம்பு கேழ்வரகின் மூல இனம் அன்று. இரண்டும் வெவ்வேறு வழியில் வந்த புல் வகைகள். கம்பு ஆப்பிரிக்காவின் சாகேல் வறள்நிலத்தில் பயிரானது. கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்தில் பயிரானது. கேழ்வரகை ஒப்பிட வேண்டுமானால், அதன் இரு தொகுதிகளைத் தந்த எலூசின் இண்டிகா என்ற 18 குரோமோசோம் புல்லோடு ஒப்பிட வேண்டும். அந்தப் புல் நம் தெருவோரத்தில், மிதிபடும் மண்ணில், விரல் விரித்தாற்போலக் கதிர் விட்டு நிற்கிறது. மிதியைத் தாங்குவதில் அதை மிஞ்ச ஆளில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வாழையில் எல்லாமே மும்மடியம் என்றால் கற்பூரவள்ளி மட்டும் ஏன் காய்ச்சலில் நிற்கிறது?

வாழைக்கு இரண்டு காட்டு மூலங்கள் உண்டு. மூசா அக்குமினேட்டா தந்த தொகுதியை ஏ என்றும், மூசா பால்பிசியானா தந்ததைப் பி என்றும் குறிப்பார்கள். செவ்வாழை ஏஏஏ, பூவனும் ரஸ்தாளியும் ஏஏபி, மொந்தனும் கற்பூரவள்ளியும் ஏபிபி. ஏலக்கி வாழை மட்டும் ஏபி, அதாவது இருமடியம். பால்பிசியானா வறட்சியைப் பொறுக்கும் இனம். ஆகவே பி தொகுதி கூடுதலாக உள்ள வாழைகள் பொதுவாகக் காய்ச்சலில் தாக்குப்பிடிக்கின்றன.

செவ்வாழைக்கும் கற்பூரவள்ளிக்கும் மடங்கு ஒன்றே, குணம் வேறு. கோதுமையைப் பற்றி மேலே சொன்னதற்கு நம் கொல்லையிலேயே இருக்கும் சான்று இது.

கலப்பின விதை வாங்கினால் அடுத்த போகத்துக்கு வீரியம் போய்விடுகிறது. அயல்பன்மடியமும் கலப்பினம்தானே, அதில் ஏன் போவதில்லை?

கடையில் வாங்கும் கலப்பின விதையில் ஒவ்வொரு மரபணுவும் இரு பக்கத்திலிருந்து ஒவ்வொரு படியாக வருகிறது. அந்தப் படிகள் அடுத்த தலைமுறையில் பிரிந்து கலைந்துவிடுகின்றன; அதனால் வயலில் ஒன்று நெட்டையும் ஒன்று குட்டையுமாக முளைக்கிறது. அயல்பன்மடியத்தில் ஸ்பார்ட்டினாவைப் பற்றிச் சொன்னதுபோல ஒவ்வொரு குரோமோசோமும் தன் பக்கத்து இணையோடுதான் சேர்கிறது. ஆகவே இரு மூல இனத்தின் மரபணுக்களும் பிரியாமல் தலைமுறை தலைமுறையாக ஒரே செடிக்குள் குடியிருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் விதை வாங்க வேண்டாத கலப்பினம் என்று சொல்லலாம்.

மாறும் சூழலில் இதன் பயன் பெரிது. ஒரே வேலைக்கு இரண்டு மரபணுக்கள் இருக்கும்போது ஒன்று வெப்பத்தில் நன்றாக இயங்கலாம், மற்றொன்று குளிரில் இயங்கலாம். ஒன்று பழைய வேலையைப் பார்க்க, மற்றொன்று காலப்போக்கில் புது வேலை கற்றுக்கொள்ளலாம். பருத்தியில் இது வியப்பாக வெளிப்பட்டது. அமெரிக்க வகைப் பருத்தியின் மூலங்களில் ஒன்றுக்கு நூற்கத் தக்க பஞ்சே கிடையாது. ஆயினும் அதிலிருந்து வந்த மரபணுக்களும் நான்மடியப் பருத்தியின் நீண்ட இழைக்குப் பங்களிக்கின்றன.

அப்படியானால் கருங்கண்ணிப் பருத்தியை விட்டுவிட்டு நான்மடியப் பருத்திக்கு மாறியது சரிதானே?

இழை நீளத்தைக் கேட்டால், ஆம். ஆலைகள் கேட்டது அதைத்தான். பொறுதியைக் கேட்டால் என் விடை வேறு. 26 குரோமோசோம் கொண்ட கருங்கண்ணி மானாவாரிக் கரிசலில் ஆழ வேர்விட்டு மழை பொய்த்தாலும் நிற்கும். சாறு உறிஞ்சும் பூச்சிகளை நன்றாகப் பொறுக்கும். 52 குரோமோசோம் கொண்ட அமெரிக்க வகைக்கு நீரும் உரமும் மருந்தும் கூடுதலாக வேண்டியிருக்கின்றன. சந்தைக்கு ஏற்றதும் சூழலுக்கு ஏற்றதும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை.

நிலக்கடலை நான்மடியம் என்கிறீர்கள். பிறகு ஏன் வருடம் தவறாமல் டிக்கா என்ற இலைப்புள்ளி நோய் விழுகிறது?

நிலக்கடலை பிறந்த விதத்திலேயே அதற்கு விடை இருக்கிறது. தென் அமெரிக்காவில் டுரானென்சிஸ், இபாயென்சிஸ் என்ற இரண்டு காட்டுக் கடலைகள், 20 குரோமோசோம்கள் கொண்டவை, கலந்து இரட்டித்து 40 கொண்ட நிலக்கடலை உண்டானது. பரிணாமக் கணக்கில் இது நேற்று நடந்தது. 10,000 ஆண்டுகளுக்குள் அடங்கும். மிகச் சில செடிகளிலிருந்தே இன்றைய கடலை முழுவதும் வந்திருக்கிறது. ஒரே பாட்டனின் பிள்ளைகளாக ஊரே இருந்தால் ஒரு நோய் ஊரையே சாய்க்கும் அல்லவா?

காட்டுக் கடலைகளில் இலைப்புள்ளியையும் துருவையும் எதிர்க்கும் இனங்கள் உண்டு. ஆனால் குரோமோசோம் எண்ணிக்கை வேறுபடுவதால் அவற்றோடு நேரடியாகக் கலந்தால் மலட்டு மும்மடியம்தான் பிறக்கும். இந்தச் சுவர் நிலக்கடலையைத் தன் உறவினர்களிடமிருந்தே பிரித்துவிட்டது. பயிர்ப்பெருக்க அறிஞர்கள் சுற்றுவழியில் போய்க் கார்டெனாசி என்ற காட்டு இனத்தின் எதிர்ப்புத் திறனைப் பயிருக்குள் கொண்டுவந்தார்கள். இன்று துருவையும் இலைப்புள்ளியையும் தாங்கும் பல இரகங்களுக்கு அதுவே ஊற்று. இங்கே மூல உறவினம் பன்மடியத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

காபி விலை ஏறும்போதெல்லாம் வெப்பத்தால் அரபிகா அழிகிறது என்கிறார்கள். அதுவும் பன்மடியம்தானே?

ஆம், 44 குரோமோசோம் கொண்ட நான்மடியம். ரோபஸ்டாவும் யூஜெனியாய்டிஸ் என்ற மற்றொரு காட்டுக் காபியும் கலந்து பிறந்தது. மூல இனமான ரோபஸ்டா தாழ்ந்த நிலத்து வெப்பத்தைத் தாங்கும், இலைத்துருவையும் பெரும்பாலும் எதிர்க்கும். பிள்ளையான அரபிகா மலைக் குளிரையே விரும்பும், துருவுக்கு எளிதில் இரையாகும். நிலக்கடலையைப் போலவே அதற்கும் மரபு வளம் குறைவு. 1869-இல் இலங்கையில் தலைகாட்டிய துருநோய் அடுத்த சில பத்தாண்டுகளில் அந்நாட்டுக் காபித் தோட்டங்களை அழித்துத் தேயிலைக்கு வழிவிட்டது. கொழும்போடு வணிகம் செய்த நம் பக்கத்துக் குடும்பங்களின் பழைய கணக்கேடுகளில் காபி எப்போது தேயிலையாக மாறுகிறது என்று பார்க்க எனக்கு நெடுநாள் ஆசை.

கூட்டத்தில் ஒரே ஒரு செடி இரட்டித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது யாரோடு கலக்கும்?

பெரும்பாலும் யாரோடும் முடியாது. சுற்றியுள்ள இருமடியச் செடிகளின் மகரந்தம் அதன்மேல் விழுந்தால் மும்மடியம் பிறக்கும், அது மலடு. சிறுபான்மையாக இருப்பதே அதற்குக் கேடு. எனவே பிழைத்த பன்மடியங்களைப் பார்த்தால் தன்மகரந்தச் சேர்க்கை உடையவை, பல்லாண்டு வாழ்பவை, கிழங்கு அல்லது ஓடுதண்டால் பெருகுபவை மிகுதி. மஞ்சள், வாழை, அருகம்புல் ஆகியவை அப்படியே. அருகம்புல் பெரும்பாலும் நான்மடியம். ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்ற வாழ்த்தும் நாம் அதன் ஓடுதண்டைத்தான் வாழ்த்துகிறோம்.

மற்றொரு வழி, மூல இனம் வாழாத இடத்துக்குப் போய்விடுவது. அக்கிலியா மணலுக்குப் போனதும் ஸ்பார்ட்டினா சேற்றுக்கு இறங்கியதும் இதனால் இன்னும் பொருள்படும். சூழல் குலைந்து வெற்றிடம் உண்டாகும்போது இத்தகைய செடிகளுக்கு இடம் கிடைக்கிறது.

அப்போது வெப்பம் கூடும் இந்தக் காலத்தில் பன்மடியங்கள் வேகமாகத் தகவமைந்து முன்னுக்கு வருமா?

இரு பக்கமும் வாதம் உண்டு. கெட்ட மாற்றங்களை மற்றப் படிகள் மறைத்துக் காப்பது நல்லதுதான்; ஆனால் நல்ல மாற்றத்தையும் அவை மறைக்கின்றன. எல்லாப் படிகளும் ஒத்திருந்தால் மட்டுமே வெளிப்படும் ஒடுங்கு பண்பு ஒன்று இருமடியச் செடியின் பிள்ளைகளில் நான்கில் ஒன்றில் வெளிப்படும் என்றால், நான்கு படிகளில் இரண்டில் அதைக் கொண்ட தன்நான்மடியத்தில் 36-இல் ஒன்றில்தான் வெளிப்படும். தேர்வு அதைக் கண்டுகொள்ளவே காலம் ஆகும். ஒரு படி இருந்தாலே வெளிப்படும் ஓங்கு பண்பாக இருந்தால், படிகள் கூடுதல் என்பதால் அது தோன்றும் வாய்ப்பும் கூடுதல்.

உலக அளவில் பார்த்தால், 2019-இல் வெளியான பெரிய ஆய்வின்படி, துருவங்களை நெருங்க நெருங்கப் பன்மடிய இனங்களின் பங்கு கூடுகிறது. நம்மவரான ஜானகி அம்மாள், கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை எண்ணித் தொடங்கியவர், இமயத்தின் குளிர்ந்த ஈரமான வடகிழக்கில் இனங்கள் மிகுதியாகப் பெருகியதற்குப் பன்மடியமும் காரணம் என்று எழுதினார். தொல்காலத்திலோ, ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் அழிந்த பேரழிவை ஒட்டியே பல தாவர வழிகளில் இரட்டிப்பு நிகழ்ந்திருக்கிறது. பேரழிவில் அவை கூடுதலாகப் பிழைத்தன என்று ஒரு சாரார் கருதுகிறார்கள். அண்மைக் காலப் பன்மடியங்களை எண்ணிய 2011-ஆம் ஆண்டு ஆய்வோ, அவை இருமடியங்களைவிடக் கூடுதலாக அழிகின்றன என்றது. எனக்கு இரண்டும் முரணாகத் தோன்றவில்லை. பெரும்பாலானவை பிறந்தவுடன் மறைகின்றன, தப்பிய சிலவே நெடுங்காலம் ஆள்கின்றன.

செங்காந்தள் கிழங்கில் கால்ச்சிசின் இருக்கிறதாமே, அதை அரைத்து நாமே விதையை இரட்டிக்கலாமா?

வேண்டாம். 1937-இல் கால்ச்சிசின் குரோமோசோம்களை இரட்டிக்கும் என்று அறியப்பட்டதும், செங்காந்தளில் அது இருப்பதும், நம் மாநில மலரான அது விதைக்காகவே பயிராவதும் உண்மை. பகுப்பின்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் கதிர்கோல் இழைகளை அது உருவாகவிடாமல் தடுக்கிறது. அதே வேலையை மனித உடலிலும் செய்கிறது. சிறிதளவு உட்சென்றாலும் உயிரைப் பறிக்கும் நஞ்சு அது. ஆய்வுக்கூடத்திலும் கையுறையோடு, அளந்து, முளைவிடும் நுனியில் மட்டும் இடுவார்கள். பெரும்பாலான முளைகள் செத்துப்போகும். மிஞ்சியவற்றில் சில மட்டுமே முழுமையாக இரட்டிக்கும்.

சரி, கையில் ஒரு செடியைக் கொடுத்தால் பன்மடியமா இல்லையா என்று பார்த்துச் சொல்ல முடியுமா?

வெறும் கண்ணால் முடியாது. தடித்த இலை நல்ல எருவாலும் வரும். மூல இனச் செடியும் பக்கத்தில் இருந்தால் ஓரளவு ஊகிக்கலாம். இரண்டையும் ஒரே மண்ணில், ஒரே வெயிலில், ஒரே வயது வரை வளருங்கள். ஒத்த நிலையிலுள்ள இலையின் அடிப்பக்கத்தில் நிறமற்ற நகப்பூச்சைத் தடவிக் காயவிட்டு, ஒட்டுநாடாவால் உரித்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி நுண்ணோக்கியில் பாருங்கள். இலைத்துளைகள் நீண்டும் எண்ணிக்கையில் குறைந்தும் இருந்தால் ஐயம் வலுக்கிறது. இலைத்தோலையே உரித்து, இலைத்துளையைச் சூழ்ந்த காப்புச் செல்லுக்குள் உள்ள பசுங்கணிகங்களை எண்ணினால், பல இனங்களில் நான்மடியத்தில் அவை தெளிவாகக் கூடியிருக்கும்.

உறுதி செய்ய வேர்நுனியை எடுத்துச் சாயமேற்றி, நசுக்கிக் குரோமோசோம்களை எண்ணியே ஆக வேண்டும். வெங்காய வேரில் பழகிக்கொண்டு தொடங்குங்கள். அதில் 16 வரும். அது சரியாக வரும்வரை உங்கள் செடியைத் தொடாதீர்கள்.